இல்லாத தம்பியின் செத்தவீடு

நான் எழுதிய கதைகளில் ஒரேயொரு கதைக்குத்தான் சனம் அழுதிருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும்.

டென்மார்க்கில் ஹேர்னிங் நகரில் இப்போது இருக்கிற இதே இரண்டாம் மாடி வீட்டில்தான் அப்போதும் இருந்தோம், நானும் மனைவியும். பிள்ளைகள் இல்லை. அவளுக்கு வயோதிபர் இல்லத்தில் வேலை. எனக்கு, ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தோய்த்து அனுப்புகிற ஒரு சலவைத் தொழிற்சாலையில். மெசின் மடிக்கும்; மடிப்புச் சரியா, கறை போய்விட்டதா என்று நான் பார்க்க வேண்டும். பார்க்கிற வேலையை எனக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. ஒன்றை ஒருதரம் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவனே இல்லை நான். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பேன், படியிறங்கிவிட்டுத் திரும்ப ஏறி வந்து இழுத்துப் பார்ப்பேன், பாதி வழியில் அடுப்பு ஞாபகத்துக்கு வரும். "வீட்டைக் கழட்டிக் கொண்டுபோய்க் காரிலை வைச்சிருங்கோவன்" என்பாள் மனைவி.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன். சண்டையாலும் இல்லை, வறுமையாலும் இல்லை, பயத்தால். வாத்தியார் எழும்பச் சொன்னால் தெரிந்த விடையும் தொண்டைக்குள் நின்றுவிடும். ஒருநாள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று அடுத்த நாளும் போகவில்லை. அப்படியே விட்டுப்போயிற்று. டென்மார்க்குக்கு வந்தபிறகு யாராவது படிப்பைப் பற்றிக் கேட்டால், "நாட்டுப் பிரச்சினைதானே" என்று சொல்லிவிடுவேன். தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். அந்த நாட்டுப் பிரச்சினை என்னைப்போல எத்தனை பேரின் வெட்கத்தை மூடிக் காத்தது என்று யாருக்குத் தெரியும்.

சண்டை முடியப்போகிற அந்தக் கடைசி மாதங்களில் எங்கள் சனத்தில் யாருமே தன்னிலையில் இல்லை. கையில் ஃபோன், கண் ரீவியில். சனிக்கிழமைகளில் கொப்பன்ஹேகனுக்கு ஊர்வலத்துக்கென்று பஸ் போகும். எல்லோருக்கும் வன்னிக்குள் யாரோ ஒருவர் இருந்தார். எனக்கு ஒருவரும் இல்லை. அப்பா அம்மா முன்னமே போய்விட்டார்கள். இரண்டு அக்காமாரும் கனடாவில். ஆண் சகோதரம் இல்லை. நான் கடைசிப் பிள்ளை. இதையெல்லாம் இங்கே யாரிடமும் நான் சொல்லி வைத்ததில்லை.

ஆனால் படுக்கையில் விழுந்தவன் நான்தான்.

எங்கள் கட்டடத்திலேயே பக்கத்துப் படிக்கட்டில் குடியிருக்கிற ஒருவரின் காரில்தான் அப்போது வேலைக்குப் போய்வந்தேன். அவரும் அதே தொழிற்சாலைதான். என்னை அண்ணை என்று கூப்பிடுவார். அவருடைய ஒரே தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு வன்னிக்குள் மாட்டியிருந்தாள். ஒரு காலை, தொழிற்சாலை வாசலில் கார் நின்றபிறகும் என்னால் இறங்க முடியவில்லை. கை கதவுப் பிடியில் இருக்கிறது, திறக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. அவர் கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்தாமலே காரைத் திருப்பி என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். தங்கச்சியின் செய்தி தெரியாமல் தவித்த அந்த மனிதன் அன்றைக்கு வேலைக்குப் பிந்தியது, கவலைப்பட ஒரு காரணமும் இல்லாத எனக்காக.

வைத்தியர் அதை மனச்சோர்வு என்றார். சுகவீன விடுமுறை தந்தார். சமையல் சாமான் வாங்கப் போன தமிழ்க் கடையில் ஒருவர் பகிடியாகத்தான் சொன்னார்: "குண்டு விழுறது அங்கை. விழுந்து படுக்கிறது இஞ்சை." கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப்பிறகு அந்தக் கடைக்கு மனைவிதான் போனாள்.

கொமூன், இங்கத்தைய நகரசபை, என்னை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பியது. ஐம்பதைத் தாண்டிய டெனிஷ் பெண். தடித்த கம்பளிச் சட்டை போட்டிருப்பார், மேசையில் எப்போதும் ஒரு மெழுகுதிரி எரியும். என் டெனிஷ் மெசினோடு வேலை செய்யக் காணும், மனதைச் சொல்லக் காணாது. அதனால் வைலே நகரிலிருந்து ஒரு தமிழர் மொழிபெயர்க்க வருவார். உங்களைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள் என்று ஆலோசகர் கேட்டால், மொழிபெயர்ப்பாளரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

கடைசியில் அவர் வேறு வழியில் வந்தார். நான் வாசிக்கிறவன் என்று எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது. ஹேர்னிங் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்கென்று ஓர் அலுமாரி இருந்தது. அதில் நான் தொடாதது சமையல் புத்தகம் மட்டும்தான். "உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நீங்கள் அல்லாத ஒரு மனிதனைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

எழுதினேன். எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். எழுத்துப் பிழை பார்க்கக்கூட யாரிடமும் கொடுக்க முடியாத வெட்கம். சில்க்போர்க்கில் ஏரிக்கரையோடு வீடு இருக்கிற ஒரு வாத்தியார் என் கதைக்குள் வந்தார். அவர் மண்டபத்தில் எழும்பிப் பேசினால் சனம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கும். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார். அவரோடு இருக்கிற நேரம் எனக்கு நெஞ்சு அடைக்கவில்லை. காலையில் மனைவி வேலைக்குப் போனதும் எழும்பிக் குளித்து, சேட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினேன். வேலை முடிந்து வந்து, சேட்டோடு இருந்த என்னைக் கண்டு அவள், "எங்கையப்பா போகப் போறியள்?" என்று கேட்டாள். வாத்தியாரிடம் போகிறேன் என்று எப்படிச் சொல்வது. என்னைக் கட்டிலிலிருந்து இழுத்து எழுப்பியது மருந்தில்லை, அந்தக் கதைகள்தான். அது மட்டும் கையை விட்டுப் போனால் நான் திரும்பவும் விழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வாத்தியாரை எழுதி எழுதிக் கை பழகியபோது என்னையே எழுதிப் பார்க்க ஆசை வந்தது. சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவன். நான்தான். எழும்ப முடியாமல் படுத்துக் கிடக்கிறான். ஏன் கிடக்கிறான்? அந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது. காரணமில்லாமல் அழுகிற மனிதனைக் கதையில்கூட என்னால் மன்னிக்க முடியவில்லை. அதனால் அவனுக்கு ஒரு தம்பியைக் கொடுத்தேன். வன்னியில் சைக்கிள் கடை வைத்திருந்த தம்பி. கைவிரல் எல்லாம் கிறீஸ் கறுப்பு. எப்போதாவது ஃபோன் எடுத்து, தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "அங்கை இப்பவும் குளிரோ அண்ணா?" என்று கேட்பான். பிறகு ஃபோன் வரவில்லை. கதையில் அண்ணன்காரன் ஃபோனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளியலறைக்குள்ளும் கொண்டுபோகிறான். கடைசியில் யாரோ வேறு ஆள் எடுத்துச் செய்தி சொல்கிறார். அவன் அழுகிறான். யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

எழுதி முடித்தபோது மனம் எவ்வளவு லேசாக இருந்தது என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மற்றவர்கள் எங்கே போய்த் தொலைப்போம் என்று இருந்த துயரத்தை நான் எனக்கென்று தைத்துப் போட்டுக்கொண்டேன். அளவும் சரியாக இருந்தது.

அதை வாசிக்கப் போன அன்று வைலே ஆள் வரவில்லை. அந்தக் கிழமை சனிக்கிழமை என்றில்லாமல் எல்லா நாளும் ஊர்வலம், அதற்குக் கொப்பன்ஹேகன் போய்விட்டாராம். அவருக்குப் பதிலாக ஹேர்னிங்கிலேயே இருக்கிற ஒரு பிள்ளை வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும், சின்னதிலேயே இங்கே வந்து படித்தவள். தாயை எனக்குக் கோயிலில் பார்த்துத் தெரியும். நான் எழுதிக்கொண்டு வருவது கதை என்பதும், ஏன் எழுதுகிறேன் என்பதும் அவளுக்குத் தெரியாது. சண்டை முடிந்துவிட்டது என்று ரீவியில் சொல்லிக்கொண்டிருந்த கிழமை. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசிக்க, அவள் டெனிஷில் சொல்லிக்கொண்டு போனாள். குளியலறைக்குள் ஃபோன் போகிற இடத்தில் அவளுடைய குரல் உடைந்தது. ஆலோசகர் மேசையிலிருந்த கண் துடைக்கிற ரிசுக் கடதாசிப் பெட்டியை என் பக்கம் தள்ளாமல் அவள் பக்கம் தள்ளினார்.

அந்த நேரம் எனக்குள் வந்தது பரிதாபமில்லை, பெருமை. படித்த ஒரு பிள்ளை, நான் எழுதிய வரிக்கு அழுகிறாள். வாழ்க்கையில் நான் செய்த ஒன்று முதல்தரமாக ஒருவரின் மனதைத் தொட்டிருக்கிறது. இது கதை பிள்ளை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து இருந்துவிடுவாளே என்று இருந்தது. ஆலோசகருக்கு அது கதைதான் என்று தெரியும். என் குடும்பம் முழுவதும் அவருடைய கோப்பில் இருந்தது. இந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. நேரம் முடிந்து வெளியே வந்ததும் நடைவழியில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணை, எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. உங்கட தம்பி…"

நான், "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மொழிபெயர்க்கிறவர்கள் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. அவளும் சொல்கிறவள் இல்லை. ஆனால் அந்தக் கிழமை எந்த வீட்டில் எது வாய்க்குள் நின்றது? வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறாள், தாய் ஏன் என்று கேட்டிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து, மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகல், மணி அடித்தது. கதவைத் திறந்தால் அந்தப் பிள்ளையின் தாய், இரண்டு கையிலும் சட்டி. பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், ஒருவரிடம் பெரிய ஃபிளாஸ்க். அவர்களுக்குப் பின்னால் ஆண்கள் படியேறி வருகிற சத்தம். ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்தார்கள். சாவு விழுந்த வீட்டுக்குள் அப்படித்தான் வருவார்கள். எனக்கு விளங்கிவிட்டது. நான் குசினிப் பக்கம் போக, அந்த அம்மா என்னை மறித்தார்.

"அடுப்பு மூட்டாதேங்கோ அண்ணை. எல்லாம் கொண்டந்திருக்கிறம். சோறு, பருப்பு, கத்தரிக்காய். கோப்பியும் இருக்கு."

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அயலட்டைதான் சாப்பாடு கொடுக்கும். டென்மார்க்கில் மின்சார அடுப்பு என்றாலும் எங்கள் சனம் அதை விடவில்லை. என்னைச் சோபாவில் இருத்தினார்கள். பக்கத்தில் ஆண்கள் இருந்தார்கள். அவர்களில் தமிழ்க் கடையில் அன்றைக்குப் பகிடி விட்டவரும் ஒருவர். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் தெரியாமல் கதைச்சுப்போட்டன் அண்ணை, மனசிலை வைச்சிராதேங்கோ" என்றார். எனக்குத் தேவையாக இருந்த சொல் அதுதான். கிடைத்தபோது அது எனக்குரியதாக இல்லை.

"தம்பியின்ர படம் ஏதும் இருக்கோ? ஒரு விளக்கு வைச்சு விடுவம்" என்று அந்த அம்மா கேட்டார்.

"படம் இல்லை" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

"எப்பிடி இருக்கும்? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் அங்கையே போயிருக்கும்."

"கடைசியா எங்கை இருந்தவராம்?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியாது."

"ஆருக்குத்தான் தெரியும். அவரை விடுங்கோ. அவருக்குக் கதை வருகுதில்லை."

நான் வாயைத் திறந்து சொன்ன ஒவ்வொரு உண்மையும் விழுந்த இடத்திலேயே பொய்யாகிப் போனது. எழும்பி நின்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். எட்டாம் வகுப்பில் வாத்தியார் எழும்பச் சொன்னபோது போலவே இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அப்போதுதான் பக்கத்துப் படிக்கட்டுக்காரர் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. என் அருகில் நிலத்தில் இருந்தார். காபெற் விரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று விம்மி அழத் தொடங்கினார். காரில் என்னை ஒன்றும் கேட்காமல் கூட்டிவந்த மனிதர். ஆண்கள் அவருடைய முதுகைத் தடவினார்கள். அவர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"என்ர வீட்டிலை அழேலாது அண்ணை. நான் அழுதால் அவள் செத்திட்டாள் எண்டு முடிவாயிடும். அதுதான் இஞ்சை வந்தனான்."

அவருடைய கை என் முழங்காலில் சூடாக இருந்தது. இந்த ஆளிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் இருந்தால் வேலைக்குத் திரும்புகிற அன்றைக்கு அவரோடு காரில் எப்படி ஏறுவேன்? அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

என்னை வாய் திறக்க வைத்தது மனைவியின் முகம். காலை வேலை முடித்து வந்தவள், எங்கள் கதவுக்கு வெளியே குவிந்து கிடந்த சப்பாத்துகளைக் கண்டிருக்கிறாள். மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்த மனிதன் வீட்டில் தனிய. வாசலில் சனத்தின் சப்பாத்து. அவள் என்ன நினைத்திருப்பாள் என்று நான் எழுதத் தேவையில்லை. வேலைச் சட்டையோடு உள்ளே ஓடிவந்து, ஒருவரையும் பாராமல், அறைக் கதவைத் திறந்து பார்த்தாள், குளியலறையைப் பார்த்தாள், பிறகுதான் சோபாவில் இருந்த என்னைக் கண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை. பிறகு மெல்ல இரத்தம் வந்தது.

"ஆர்?" என்றாள். "ஆர் செத்தது?"

"தம்பியார்" என்றார் அந்த அம்மா மெதுவாக.

"ஆற்ற தம்பி?"

நான் எழும்பினேன். "எனக்குத் தம்பி இல்லை" என்றேன். "அது நான் எழுதின கதை. டொக்டராக்கள் எழுதச் சொன்னவை. எல்லாம் நானாய் நினைச்சு எழுதினது. அந்தப் பிள்ளை உண்மையெண்டு நினைச்சிட்டுது. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அதுதான் நடந்தது."

ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. கடையில் பகிடி விட்டவர் மட்டும், "கதையோ?" என்று திருப்பிக் கேட்டார். அவர் கேட்டுக்கொண்ட மன்னிப்பை எங்கே திரும்ப வைப்பது என்று தெரியாதவர்போல இருந்தார். அந்த அம்மா, "ஊர் முழுக்கச் செத்துக் கிடக்குது, நீங்கள் புதுசாய் ஓராளை…" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். சட்டியைத் தூக்கினார். திரும்பக் கீழே வைத்தார். சாவு வீட்டுக்கென்று கொண்டுபோனதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவதில்லை. ஆனால் இது சாவு வீடும் இல்லை. கடைசியில் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். ஒருவரும் போயிட்டு வாறம் என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்பது வழக்கம். வந்தபோது இருந்த நினைப்பில் சொல்லாமல் போனார்களா, என்னோடு கதைக்கப் பிடிக்காமல் போனார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பக்கத்துப் படிக்கட்டுக்காரர் மட்டும் எழும்பவில்லை. முகத்தைத் துடைத்தார். மனைவி குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தம்பி ஃபோனிலை என்ன கதைக்கிறவர்?" என்று கேட்டார்.

நக்கலோ என்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். நக்கல் இல்லை.

"அங்கை இப்பவும் குளிரோ எண்டு கேப்பான்."

அவர் தலையாட்டினார். "என்ர தங்கச்சியும் அதைத்தான் கேக்கிறவள். குண்டுச் சத்தம் கேக்கக் கேக்க, இஞ்சை குளிரோ எண்டு கேப்பாள். உனக்கென்ன விசரோ எண்டு நான் பேசுவன்."

நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழும்பி வாசல்வரை போனார். அங்கே மற்றவை எல்லாம் போக மிஞ்சிக் கிடந்த தன் சப்பாத்துகளைக் குனிந்து கட்டியபடி, என்னைப் பாராமல் சொன்னார்:

"என்ர தங்கச்சியை மட்டும் உங்கட கதையிலை போட்டிடாதேங்கோ அண்ணை."

"போடமாட்டன்."

நிமிர்ந்தார். பிறகு, படிக்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "சரி, போயிட்டு வாறன்" என்றார்.

அவர் இறங்கிப் போகிற சத்தம் நின்றபிறகும் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி வந்து கதவைச் சாத்தினாள். பூட்டிவிட்டு ஒருதரம் இழுத்தும் பார்த்தாள், எனக்காக. பிறகு அடுப்பைப் போட்டுப் பருப்பைச் சூடாக்கினாள். சோற்றை என் முன்னால் வைக்கும்போதுதான் சொன்னாள்:

"இனி ஆரையும் சாகடிக்கிறதெண்டால் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. படியிலை ஏறி வரேக்கை நான் உங்களைச் சாகடிச்சுப்போட்டன்."

சட்டிகளைத் திருப்பிக் கொடுக்க நானேதான் போனேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் என்னை மொழிபெயர்க்க அதற்குப்பிறகு வரவில்லை. எங்கள் சனம் கூடுகிற மண்டபத்தில் கொஞ்சக்காலம் என்னைக் கண்டால் யாராவது, "இப்ப ஆர் அண்ணை செத்தது?" என்பார்கள். வாத்தியார் கதையை எழுதத் திரும்பவும் கதிரையில் இருந்தேன், சேட்டுப் போட்டுக்கொண்டு. பேனை ஓடச் சில கிழமைகள் பிடித்தன. ஓடியது. இலையுதிர்காலத்தில் வேலைக்குத் திரும்பினேன், அதே காரில்.

அவருடைய தங்கச்சியைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. அவர் செத்தவீடு செய்யவில்லை. அவள் பேசியதென்று இங்கே நான் எழுதியிருப்பது குளிரைப் பற்றிய அந்தக் கேள்வி ஒன்றுதான். அதையும் அவரிடம் கேட்டேன். கார் ஓட்டிக்கொண்டே, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேள்வியை மட்டும் எழுதுங்கோ" என்றார். அவர் வீட்டுக்குப் போனால் கோப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, உள்ளே இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். சொல்லும்போது இன்னும் காது சூடாகிறது.